தொடக்கப்பள்ளியில் கூட்டுக் கவிதையாக்கம்: அந்தாதியும் பேச்சுமொழியும்

ஆய்வுச் சுருக்கம்

தொடக்கப்பள்ளி மாணவர் ஒன்றுகூடிக் கவிதை இயற்றும் முறை, அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக்கின் வகுப்பறைப் பணியால் பரவலாக அறியப்பட்டது. அம்முறை தமிழ் வகுப்பறைக்கு வரும்போது அந்தாதித் தொடையே அதற்கு ஏற்ற வடிவம் என்பதையும், பேச்சு வடிவை எழுத்து வடிவாகத் திருத்துவது கவிதையின் ஓசையைக் குலைக்கும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கூட்டுக் கவிதை, அந்தாதி, இயைபு, பேச்சுத் தமிழ், குழந்தை இலக்கியம்

முன்னுரை

பாரதியாரின் பாப்பா பாட்டு, கவிமணியின் குழந்தைப் பாடல்கள், 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவிய அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் ஆகியன குழந்தைகளுக்காகப் பெரியோர் இயற்றியவை. இவற்றில் குழந்தை கேட்பவராகவும் ஒப்பிப்பவராகவும் இடம்பெறுகிறது, இயற்றுபவராக இடம்பெறுவதில்லை. கூட்டுக் கவிதையாக்கம் இந்நிலையை மாற்றக்கூடியது. எனினும் எம்முறையில், எம்மொழியில் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் அம்மாற்றம் நிகழாது.

கோக்கின் முறையும் அதன் எல்லையும்

நியூயார்க்கின் பி.எஸ். 61 என்னும் பொதுப் பள்ளியில் 1968இல் கற்பிக்கத் தொடங்கிய கோக், தம் பட்டறிவை 1970இல் ‘விஷஸ், லைஸ், அண்ட் ட்ரீம்ஸ்’ என்னும் நூலாக வெளியிட்டார். மாணவர் ஒவ்வொருவரும் ஓர் அடி எழுதுதல், எல்லா அடிகளும் விருப்பத்தைக் குறிக்கும் ஒரே தொடரில் தொடங்குதல், அடிதோறும் ஒரு நிறமும் படக்கதை மாந்தர் ஒருவரும் ஒரு நகரோ நாடோ இடம்பெறுதல் ஆகியன அவர் முதல் கூட்டுக் கவிதைக்கு வகுத்த விதிகள். ஒலியியைபு தேடும் முயற்சி கற்பனையைத் தடுக்கும் எனக் கருதி அதனை அவர் ஊக்குவிக்கவில்லை.

இம்முறையை அப்படியே தமிழுக்குப் பெயர்க்க இயலாது. வினை இறுதியில் நிற்கும் தமிழ்த் தொடரில் ‘ஆசை’, ‘வேண்டும்’ முதலிய சொற்கள் அடியின் ஈற்றிலேயே அமையும். அடிகள் தாமாகவே இயைபு பெறும். கோக் தடையாகக் கண்ட ஒலியொப்புமை, தமிழில் இலக்கணத்தின் இயல்பான விளைவு. மேலும், அவர் முறையில் அடிகள் அடுக்கப்படுகின்றன; ஒரு மாணவர் பிறிதொருவரின் அடியைக் கேளாமலேயே தம் அடியை எழுதிவிடலாம்.

அந்தாதி என்னும் கூட்டு வடிவம்

கூடி இயற்றுதல் தமிழுக்குப் புதிதன்று. இரட்டைப் புலவருள் ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்ததாக இலக்கிய வரலாறு கூறும். ஈற்றடி கொடுத்துப் பாடச் செய்யும் வழக்கமும் உண்டு. ஓரடியின் இறுதி அடுத்த அடியின் முதலாகும் அந்தாதித் தொடை, வகுப்பறைக்கு இன்னும் நெருக்கமானது. முந்தையவரின் வினைமுற்றைப் பெயரெச்சமாகவோ வினையெச்சமாகவோ மாற்றினால்தான் அடுத்த மாணவர் தொடர முடியும். கேட்டல், இலக்கணம், கற்பனை மூன்றும் ஒரே செயலில் இணைகின்றன.

திருத்தம் என்னும் சிக்கல்

நாராயணபுரம், கீழ்க்கட்டளை ஏரிகளை அடுத்த கோவிலம்பாக்கம், பல மாவட்டங்களிலிருந்து குடிவந்தோர் வாழும் புறநகர்ப் பகுதி. இத்தகைய பகுதியின் வகுப்பறையை மனத்திற்கொண்டு, விளக்கத்திற்காக நான்கு அடிகளை அமைத்துக் காணலாம்:

ஏரியில கொக்கு வந்துச்சு
வந்த கொக்கு மீனத் தேடுச்சு
தேடித் தேடிக் கால் வலிச்சுச்சு
வலிச்ச காலத் தண்ணி தடவுச்சு

ஈற்றுச் சீர்களை அலகிட்டால் வந்துச்சு, தேடுச்சு என்பன தேமாங்காய். வலிச்சுச்சு, தடவுச்சு என்பன புளிமாங்காய். நான்கும் மாங்காய்ச் சீர்களே. ஆசிரியர் இவற்றை வந்தது, தேடியது, வலித்தது, தடவியது எனத் திருத்தினால் முறையே கூவிளம், கூவிளங்காய், கருவிளம், கருவிளங்காய் எனச் சீர்கள் சிதறுகின்றன. ஈற்றில் ‘து’ ஒலி எஞ்சினாலும் ஓசை ஒழுங்கு எஞ்சுவதில்லை. செவியால் குழந்தைகள் அமைத்த யாப்பு, பிழைதிருத்தத்தின் பெயரால் அழிகிறது. திருத்திய பின் கரும்பலகையில் எஞ்சுவது ஆசிரியரின் உரைநடையே.

எழுத்துத் தமிழைக் கற்பிப்பது தொடக்கப்பள்ளியின் கடமை என்னும் மறுப்பு நியாயமானது. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் நோக்கமாகக் கொண்டது. ஆயின் கவிதையைப் பேச்சு வடிவிலேயே பதிவுசெய்து, அதே செய்தியை உரைநடையாக எழுதுவதைத் தனிப் பயிற்சியாக்கினால் இரு நோக்கங்களும் நிறைவேறும். இரு வடிவங்களையும் ஒப்பிடும் மாணவர், வழக்கிற்கும் எழுத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தம் சொற்களிலிருந்தே அறிவர்.

முடிவுரை

கூட்டுக் கவிதையில் பேசத் தயங்கும் மாணவர் மறைந்துபோகும் வாய்ப்பு உண்டு. அந்தாதி முறையில் ஒவ்வொருவருக்கும் முறை வந்தே தீர்வதால் அக்குறை ஓரளவு நீங்கும். பாடலை ஒப்பித்துவந்த குழந்தை அதனை இயற்றுபவராக மாறுவது, ஆசிரியர் கேட்ட சொல்லைக் கேட்டவாறே எழுதுவதில்தான் தொடங்குகிறது. மாணவர் படைப்புகளைத் தொகுப்போரும் ஆய்வோரும், அடி எவருடையது என்பதோடு திருத்தம் எவருடையது என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும்.