கயிறு தைக்கும் இடம்

1998இல் லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் உருவாக்கிய 'தீஃப்' கணினி விளையாட்டில் காரெட் என்ற திருடன் இருளில் ஒதுங்கிப் பிழைக்கிறான். ஓடு பதித்த தரை அவன் காலடியைக் காட்டிக்கொடுக்கும், கம்பளம் விழுங்கிவிடும். மரம் கண்ட இடத்தில் அவனுடைய கயிற்றம்பு தைக்கும்.

ஐடோஸ் மாண்ட்ரியல் 2014இல் இதைப் புதிதாகக் கொண்டுவருமுன் ரசிகர்களிடம் ஆவலும் சந்தேகமும் கலந்திருந்தன. காரெட்டின் குரல் நடிகர் மாற்றப்பட்டதில் பலருக்குக் கோபம். அனுபவப் புள்ளி முறையை எதிர்த்தார்கள். அது 2013இலேயே நீக்கப்பட்டது.

குரல் எனக்குப் பொருட்டல்ல. புதியதில் கயிற்றம்பு, குறித்துவைத்த இடங்களில் மட்டுமே தைக்கிறது. என் வழியை எனக்கு முன்பே யாரோ தீர்மானித்துவிட்டார்கள். இருட்டு இருக்கிறது, காரெட்டும் இருக்கிறான். ஆனால் அனுமதி பெற்று நடப்பதைத் திருட்டு என்று எப்படிச் சொல்வது?