இலவசப் பதிப்பில் இல்லாதவை: தரவுத்தள அறிக்கை மென்பொருள்களின் ஒப்பீட்டு அட்டவணைகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தரவுத்தள அறிக்கை மென்பொருள்கள் பல, இலவசப் பதிப்பு, கட்டணப் பதிப்பு என இருநிலையில் வெளியாகின்றன. இவற்றிடையே உள்ள வேறுபாட்டை நிறுவனங்கள் ஓர் ஒப்பீட்டு அட்டவணையாகத் தருகின்றன. அவ்வட்டவணையைப் பனுவலாகக் கொண்டு வாசிக்கும் இக்கட்டுரை, முன்னிறுத்தப்படும் கொள்ளளவு வரம்பு மொழியாய்வாளரை அரிதாகவே தடுக்கிறது என்றும், அறிக்கையின் காலத்தொடர்ச்சி, பகிர்வு, எழுத்து வடிவாக்கம் ஆகியவற்றில் உள்ள வரம்புகளே ஆய்வின் சான்றுத்தன்மையைத் தொடுகின்றன என்றும் வாதிடுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், அறிக்கை மென்பொருள், இலவசப் பதிப்பு, எழுத்து வடிவாக்கம், ஆய்வுமுறையியல்.

முன்னுரை

சொல்லடைவு, நூலடைவு, சுவடி அட்டவணை எனத் தமிழாய்வில் ஒருகாலத்தில் அட்டைகளில் எழுதிக் குவித்த பணிகள் பல இன்று தரவுத்தளத்திற்குள் வந்துவிட்டன. தரவை உள்ளிடுவது ஒரு வேலை. உள்ளிட்டதிலிருந்து வகைப்படுத்தி, எண்ணி, அச்சிடத்தக்க பட்டியலாகப் பெறுவது மற்றொரு வேலை. பின்னதைச் செய்து தருவது அறிக்கை மென்பொருள். ஆய்வேட்டில் இடம்பெறும் அட்டவணையும் எண்ணிக்கையும் இவ்வழியே வரும்போது, மென்பொருளின் பெயரைச் சொல்லும் நாம் அதன் பதிப்பைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

பதிப்பு என்ற சொல் தமிழாய்வாளருக்குப் பாடவேறுபாட்டை நினைவூட்டும். இங்கும் நிலைமை ஏறத்தாழ அதுவே. ஒரே மென்பொருளுக்கு இரு பாடங்கள் உள்ளன. ஒன்றில் சில பகுதிகள் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன. ஏட்டில் சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவது பதிப்பாசிரியர் மரபு. மென்பொருள் நிறுவனங்களும் விடுபட்டதை மறைப்பதில்லை. அட்டவணையில் ‘ஆம்’, ‘இல்லை’ எனக் குறிக்கின்றன. ஆனால் எல்லா ‘இல்லை’களும் அங்கு ஒரே கனத்தில் நிற்கின்றன. எந்த ‘இல்லை’ வசதிக் குறைவு, எது ஆய்வின் அடிப்படையையே தொடுவது என்பதை வாசிப்பவரே பிரித்தறிய வேண்டியுள்ளது.

கட்டணம் கேட்பதற்கு நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. அது இங்கு விவாதமன்று. கட்டற்ற மென்பொருளும் இலவசப் பதிப்பும் ஒன்றல்ல என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். முன்னது மூலநிரலைத் திருத்தும் உரிமையைத் தருவது; பின்னது விலையின்மையை மட்டுமே தரக்கூடும்.

கொள்ளளவு என்னும் முதல் வரி

எக்ஸ்பிரஸ் பதிப்பைப் பற்றிய பேச்சு எப்போதும் கொள்ளளவில் தொடங்குகிறது. அதற்கு முன்னோடியான எம்எஸ்டிஇ ஒரு தரவுத்தளத்திற்கு 2 ஜிபி அளித்தது. 2005ஆம் பதிப்பில் அது 4 ஜிபி ஆயிற்று. 2008 ஆர்2 பதிப்பில் 10 ஜிபி ஆயிற்று. ஆரக்கிள் நிறுவனத்தின் எக்ஸ்பிரஸ் பதிப்பும் 18சி வெளியீட்டில் பயனர் தரவுக்கு 12 ஜிபி வரம்பு வைத்தது. அட்டவணைகளில் கண்ணில் முதலில் படுவனவும் இவ்வெண்களே.

மொழியாய்வாளருக்கு இவ்வரம்பு எவ்வளவு நெருக்கமானது? எட்டுத்தொகை, பத்துப்பாட்டு நூல்களின் பாடல்கள் 2381. இவற்றின் அடிகளைத் தாராளமாக 30,000 எனக் கொள்வோம். அடிக்கு 50 எழுத்துக்குறிகள் எனவும், குறிக்கு 2 பைட் எனவும் வைத்தால் மொத்தம் 30 இலட்சம் பைட், அதாவது ஏறத்தாழ 3 மெகாபைட். ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறிப்பு, திணை, துறை, புலவர் எனச் சேர்த்து இதை நூறு மடங்காக்கினாலும் 300 மெகாபைட்டே ஆகும். சுவடிப் படங்களைத் தரவுத்தளத்திற்குள்ளேயே வைப்போர் மட்டும் வரம்பைத் தொடுவர். அவர்களுக்கும் வழியுண்டு. கோப்புகளை வெளியே வைத்துத் தரவுத்தளத்தின் வழியே ஆளும் ஃபைல்ஸ்ட்ரீம் வசதியில் சேரும் தரவு, அவ்வரம்பில் கணக்கிடப்படுவதில்லை.

ஆக, அட்டவணையின் முதல் வரி நம் துறைக்கு ஏறத்தாழப் பொருளற்றது. அதைப் பார்த்துவிட்டு ‘நமக்கு இது போதும்’ என மூடிவிடும் வழக்கத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தொலைவும் காலமும்

எக்ஸ்பிரஸ் பதிப்பின் ஒரு வடிவத்தோடு ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் என்னும் அறிக்கை வழங்கியும் இலவசமாகக் கிடைத்துவந்தது. அறிக்கையை வடிவமைக்கலாம், உலாவியில் பார்க்கலாம், எக்செல், பிடிஎஃப் கோப்புகளாக ஏற்றுமதி செய்யலாம். தனியொருவர் தம் மேசையில் செய்யத்தக்க அனைத்தும் உண்டு. இல்லாதவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, தொலைவு. அறிக்கை எடுக்கும் தரவு அதே கணினியிலுள்ள எக்ஸ்பிரஸ் தரவுத்தளத்தில் இருத்தல் வேண்டும். வேறிடத்து வழங்கியையோ, உறவுநிலைத் தரவுத்தளமல்லாத பிற மூலத்தையோ அறிக்கை அணுக இயலாது. இரு ஊர்களில் அமர்ந்து ஒரே சொற்றொகுதியைத் தொகுக்கும் இரு துறைகளை எண்ணிப் பார்க்கலாம். ஒன்றின் தரவை மற்றொன்று படியெடுத்துத் தன் கணினியில் ஏற்றிக்கொண்டால்தான் அறிக்கை கிடைக்கும். படியெடுக்குந்தோறும் இரு படிகளும் வேறுபடத் தொடங்கும். ஏட்டுச் சுவடிகளில் நாம் நன்கறிந்த நோய் இது.

இரண்டாவது, காலம். எக்ஸ்பிரஸில் எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட் என்னும் பணி இயக்கி இல்லை. எனவே குறித்த நேரத்தில் அறிக்கை தானே உருவாகி மின்னஞ்சலில் சேர்வதும் இல்லை. இதை வசதிக் குறைவு எனலாம். விண்டோஸ் இயங்குதளத்திலேயே உள்ள பணித் திட்டமிடல் கருவியைக் கொண்டு, அறிக்கையின் முகவரியை அழைத்துப் பிடிஎஃப் கோப்பைச் சேமிக்கும் சிறு நிரலை இயக்கிவிடலாம். அரைநாள் உழைப்பில் முடியும் வேலை.

ஆனால் அதே பகுதியில், அதே எழுத்தளவில் மற்றொரு ‘இல்லை’ உண்டு. அறிக்கை வரலாறு, அதாவது ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்த அறிக்கையைத் தரவோடு சேர்த்து உறையவைத்து வழங்கியிலேயே பேணும் வசதி, எக்ஸ்பிரஸில் கிடையாது. வணிக நிறுவனத்திற்கு இது கடந்த மாத விற்பனைக் கணக்கு. ஆய்வாளருக்கோ இது சான்று. ஆய்வேட்டில் ஒரு சொல் இத்தனை இடங்களில் பயின்றுள்ளது என எழுதுகிறோம். ஆறு திங்கள் கழித்துப் பிரிப்புப் பிழைகள் சில திருத்தப்படுகின்றன. அதே அறிக்கை இப்போது வேறோர் எண்ணைத் தருகிறது. வாய்மொழித் தேர்வில் புறநிலைத் தேர்வாளர் வினவினால், முதல் எண் எந்தத் தரவிலிருந்து வந்தது என்பதைக் காட்ட வழியில்லை. எண் தவறானதன்று, அது பிறந்த நிலை அழிந்துவிட்டது. அச்சு நூலில் பதிப்பும் ஆண்டும் பக்கமும் குறிப்பதை வற்புறுத்தும் துறை, தரவுத்தளத்தில் மட்டும் இதைப் பொறுத்துக்கொள்வது வியப்பே.

ஒப்பீட்டு அட்டவணையை முழுமையாக வாசிப்பதன் பயன் இவ்விடத்தில் தெரிகிறது. அறிக்கையின் வரலாற்றை மறுக்கும் அதே எக்ஸ்பிரஸ், 2016ஆம் பதிப்பு முதல் தரவின் வரலாற்றை இலவசமாகவே தருகிறது. டெம்போரல் அட்டவணை எனப்படும் வசதியில், ஒரு வரிசை திருத்தப்படும்போது அதன் பழைய வடிவம் திருத்திய நேரத்தோடு தனியே சேமிக்கப்படுகிறது. பின்னர் எந்த நாளைக் குறித்துக் கேட்டாலும் அந்நாளில் தரவு இருந்தவாறே வினவல் விடை தரும். அறிக்கையின் வினவலில் நாளை ஓர் அளபுருவாக வைத்துவிட்டால், ஆய்வேடு ஒப்படைத்த நாளின் எண்ணிக்கையை எப்போது வேண்டுமானாலும் மீளப் பெறலாம். உறைந்த படியைக் காட்டிலும் இது மேலானது. எண்ணை மட்டுமன்றி அது மாறிய இடத்தையும் காட்டிவிடும். கட்டணப் பகுதியில் வைக்கப்பட்டதை விடச் சிறந்த கருவி இலவசப் பகுதியில் இருக்கிறது. ஆனால் அது தரவுத்தளத்தின் அட்டவணையில் உள்ளது. அறிக்கை மென்பொருளின் அட்டவணையை மட்டும் வாசிப்பவர் கண்ணில் படாது. திருத்தம் தொடங்கும் முன்பே இவ்வசதியை இயக்கியிருக்க வேண்டும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. இழந்த வரலாற்றை அது மீட்டுத் தராது.

யார் பார்ப்பது

பிற மென்பொருள்கள் கோட்டை வேறிடத்தில் வரைகின்றன. மெட்டாபேஸின் கட்டற்ற பதிப்பில் அறிக்கையைக் குறித்த நேரத்தில் மின்னஞ்சலில் அனுப்பலாம். ஆனால் ஓர் அட்டவணையின் எவ்வரிசைகளை எப்பயனர் காணலாம் எனப் பிரிக்கும் பாதுகாப்பு கட்டணப் பதிப்பிற்கு உரியது. பவர் பிஐ இலவச உரிமத்தில் ஒருவர் தமக்கெனத் தடையின்றி உருவாக்கலாம். உடன் பணியாற்றுவோரோடு பொதுப் பணிக்களத்தில் பகிர்வதற்குக் கட்டண உரிமம் வேண்டும். அதில் கணக்குத் தொடங்கவே பணியிட அல்லது கல்வி நிறுவன மின்னஞ்சல் கேட்கப்படுகிறது என்பதால், நிறுவனம் சாராத ஆய்வாளர் வாயிலிலேயே நிற்க நேர்கிறது. எக்ஸ்பிரஸின் அறிக்கை வழங்கியிலும் முன்வரையறுத்த பயனர் பங்குகளே உண்டு. நெறியாளர், தரவு உள்ளிடுபவர், மெய்ப்பு நோக்குபவர் என நம் தேவைக்கேற்ப வகுத்துக்கொள்ள இயலாது.

எழுத்து வடிவாக்கம்

இதுவரை கூறியவை எம்மொழியார்க்கும் பொது. தமிழுக்கே உரிய வரம்பொன்று எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் தனி வரியாகக் காணப்படுவதில்லை.

ஒருங்குறியில் ‘கெ’ என்பது ககரமும் அதன்பின் எகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது குறி மெய்க்கு முன்னே வரவேண்டும். ‘கொ’ என்பதிலோ ஒரே குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கவேண்டும். இவ்வேலையைச் செய்வது எழுத்து வடிவாக்க இயந்திரம். உலாவிகளில் ஹார்ஃப்பஸ் போன்ற கட்டற்ற நிரல்கள் இதைச் செவ்வனே செய்கின்றன. பிடிஎஃப் உருவாக்கும் நிரல்கள் எல்லாவற்றிலும் இது இருப்பதில்லை.

ஐடெக்ஸ்ட் என்னும் பிடிஎஃப் நூலகம் இதற்குத் தக்க சான்று. அதன் 7ஆம் பதிப்பின் உட்கருவை ஏஜிபிஎல் உரிமத்தின்கீழ்க் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளையும் அரபியையும் சரியாக வடிவாக்கும் பிடிஎஃப்கேலிகிராஃப் என்னும் இணைப்பு மட்டும் கட்டண உரிமத்திற்குரியது. இலத்தீன் எழுத்தில் எழுதுபவருக்கு முழுமையாகத் தோன்றும் கருவி, தமிழில் எழுதுபவருக்கு எகரக் குறியை மெய்க்குப் பின்னே நிறுத்துகிறது. அறிக்கையின் உள்ளடக்கமே பிழையாகிவிடும் நிலையில் இதைக் கூடுதல் அம்சம் எனல் பொருந்தாது.

ஐடெக்ஸ்டின் பழைய பதிப்பை நெடுங்காலம் சார்ந்திருந்த ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் நூலகத்திலும் இச்சிக்கல் பரவலாக அறியப்பட்டது. திரை முன்காட்சியில் எழுத்துகள் சரியாகத் தோன்றும், ஏனெனில் அங்கு வரைவது ஜாவா; பிடிஎஃப் கோப்பில் குலையும். சலித்துப்போய்ப் பழைய தனிக்குறியீட்டு எழுத்துருக்களுக்குத் திரும்புவது எளிய வழியாகத் தோன்றலாம். அவ்வாறு செய்தால் பார்வைக்குச் சரியாக இருக்கும் கோப்பில் ஒருங்குறிச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக்குறி தரும் தமிழ் அனைத்து எழுத்துக் குறியீட்டை 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றதன் பின்னணியில் இருந்ததும் இத்தகைய வடிவாக்கக் குறைபாடே.

ஜாஸ்பரின் கட்டற்ற நூலகத்தில் இதற்கொரு தீர்வு உள்ளது. எந்த ஒருங்குறித் தொகுதிகளின் எழுத்துகளை ஜாவாவின் வடிவாக்கத்தைக் கொண்டு வரையவேண்டும் என்பதைப் பிடிஎஃப் ஏற்றுமதி அமைப்பில் குறிப்பிடலாம். அங்குத் தமிழ்த் தொகுதியின் பெயரைச் சேர்த்தால் எழுத்துகள் சரியாக வருகின்றன. மூலப் பாடத்தையும் உடன் பதியச் செய்யும் தனி அமைப்பும் உண்டு என்பதால் படியெடுத்தலும் தேடலும் இயலும். ஒரு வரி அமைப்புதான். அது தெரியாமல் துறைகள் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்துக் களைப்பதற்குப் பயிற்சிப் பட்டறைகளின் பாடத்திட்டமும் பொறுப்பேற்க வேண்டும் என்பது என் கருத்து. வினவல் எழுதக் கற்பிக்கும் பட்டறைகள் விடையை அச்சிடக் கற்பிப்பதில்லை.

2025ஆம் பதிப்புக்குப் பின்

எஸ்க்யூஎல் சர்வர் 2025இல் எக்ஸ்பிரஸின் கொள்ளளவு 50 ஜிபியாக உயர்த்தப்பட்டது. அதே வெளியீட்டில் ரிப்போர்ட்டிங் சர்வீசஸின் புதிய பதிப்பு நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர் கட்டண உரிமம் பெற்றோருக்கென வைக்கப்பட்டது. கொள்ளளவு வரியை மட்டும் வாசிப்பவர் இதை ஐந்து மடங்கு தாராளம் எனக் கொள்வார். அறிக்கை வரியை வாசிப்பவருக்கு இது இலவச அறிக்கை வழங்கியின் இறுதி வெளியீடு முடிந்த செய்தி. 2022ஆம் பதிப்புக்கான பராமரிப்பு 2033 ஜனவரி வரை தொடரும் என அறிவிக்கப்பட்டுள்ளது. அதில் அறிக்கைகளை வைத்திருக்கும் துறைகள், ஒவ்வோர் அறிக்கையின் வரையறைக் கோப்பையும் இப்போதே பதிவிறக்கித் தரவோடு சேர்த்துப் பேணத் தொடங்கலாம். அக்கோப்பு எக்ஸ்எம்எல் வடிவில் அமைந்த வெற்றுரை. அதனுள் உள்ள வினவலை எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து வாசிக்கலாம், ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அப்படியே சேர்க்கலாம்.