மேசையை ஆளும் ஈரமும் துணியும்

பில்லியர்ட்ஸ் மேசையின் வரலாறு பெரும்பாலும் வானிலையோடு நடந்த போராட்டம். லண்டனின் ஜான் தர்ஸ்டன் 1826-இல் ஸ்லேட் கல்லை மேசைத்தளமாக்கினார். மரப்பலகை ஈரத்தில் வளையும் தொல்லை தீர்ந்தது. அடுத்து மேசையோரத்துக்கு வந்த ரப்பர் குஷன் குளிரில் இறுகியது. ஆடுமுன் வெந்நீரால் அதைச் சூடாக்க வேண்டியிருந்தது. 1840-களில் வல்கனைஸ் செய்த ரப்பர் வந்ததும் அந்தத் தொல்லையும் நீங்கியது. எஞ்சியது துணி. கம்பளி ஈரத்தை உறிஞ்சும்; அந்தத் துணியை மூன்று மரபுகள் மூன்று விதமாகக் கையாண்டன.

ஆங்கில மரபின் 12 அடி மேசையில் விரிப்பது நேப் உள்ள துணி. அதன் மெல்லிய இழைகள், ஆட்டம் தொடங்கும் பாக் முனையிலிருந்து எதிர்முனை நோக்கிச் சாய்ந்திருக்கும். நடுப் பாக்கெட்டுக்கு மெதுவாக உருளும் பந்தை அந்தச் சாய்வு தன் பக்கம் இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்று கணித்தே ஆட வேண்டும். பிரஷ் செய்வதும் இஸ்திரி போடுவதும் நேப் போகும் திசையில்தான். பில்லியர்ட்ஸும் ஸ்னூக்கரும் இந்தத் துணியில்தான் வளர்ந்தன. ஸ்னூக்கரின் விதிகள் 1882-இல் உதகை கிளப்பில் எழுதி மாட்டப்பட்டவை என்பது நமக்குப் பெருமை.

பாக்கெட் இல்லாத கேரம் பில்லியர்ட்ஸ் ஈரத்தையே விரட்டிவிடுகிறது. அதன் மூன்று குஷன் வகையின் உலகப் போட்டிகளில் ஸ்லேட்டைச் சூடேற்றியே ஆடுகிறார்கள். துணியில் நேப் கிடையாது. துணி புதிதாயிருந்தால் பந்து வழுக்கி, குஷனிலிருந்து நீண்ட கோணத்தில் திரும்பும்; பழகினாலோ ஈரம் ஏறினாலோ கோணம் குறுகும். ஓரச் சட்டத்து வைரக்குறிகளை எண்ணி ஆடும் கணக்கையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

அமெரிக்க பூல், போட்டிக்கு 9 அடி மேசையையும் 57.15 மில்லிமீட்டர் பந்தையும் கொண்டது. இங்கும் நேப் இல்லாத வேகத் துணிதான். ஆனால் மதுக்கூடங்களின் 7 அடி நாணய மேசைகள் சிலவற்றில், கோலால் அடிக்கும் க்யூ பந்து மட்டும் தனி வழியில் திரும்பிவர, அதைப் பெரிதாகவோ கனமாகவோ செய்திருப்பார்கள். அந்தப் பந்தைப் பின்னிழுப்பது கடினம்; மோதிய பிறகும் முன்னேறவே பார்க்கும். ஒரே கை, ஒரே அடி. மேசை மாறினால் விளைவு வேறு.

விதிகள் நீள அகலம், பந்தின் விட்டம், பாக்கெட்டின் வடிவம் ஆகியவற்றை வரையறுக்கின்றன. ஸ்னூக்கர் பாக்கெட்டுகளுக்கென்று அளவுத்தகடுகளே உண்டு. ஆனால் சுண்ணத்தூள் படிந்த துணியையும் அழுக்கேறிய பந்தையும் எந்தத் தகடும் அளக்காது. அழுக்குப் பந்துகள் மோதும் கணத்தில் ஒட்டிக்கொண்டு, சரியாக அடித்த அடியையும் கெடுக்கும்.

ஆகவே தரம் என்பது மேசையை வாங்கும் நாளில் முடிந்துவிடுவதில்லை, நாள்தோறும் பேணப்படுவது. ஈரக்காற்று மிகுந்த நம் கடலோர நகரங்களில் அறையை உலர்வாக வைப்பதும், பந்தைத் துடைப்பதும், தேய்ந்த துணியைக் காலத்தில் மாற்றுவதும் கிளப்புகளின் முதற்கடமை. நல்ல மேசையில் பழகியவருக்குத்தான் தன் பிழை எது, மேசையின் பிழை எது என்று தெரியும். அது தெரிந்தால்தான் ஆட்டம் வளரும்.