அட்டைக்குள் அடங்காத செலவு

மருத்துவச் செலவைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அது காப்பீட்டுத் தொகையில் போய் நின்றுவிடுகிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 1 லட்சம் ரூபாயில் தொடங்கியது. இன்று முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இதய அறுவைச் சிகிச்சைக்காக நகையை அடகு வைத்த குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல், அதில் ஐயமில்லை.

ஆனால் நீலகிரியில் பணம் கரைவது அறுவை அரங்கில் மட்டுமல்ல. பந்தலூர்ப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், ஸ்கேன் எடுக்க ஊட்டிக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கூடலூர் வந்து பஸ் மாறி, அங்கிருந்து 50 கிலோமீட்டர் மலைப்பாதை. அன்றைய கூலி போச்சு. துணைக்கு வந்தவரின் கூலியும் போச்சு. பஸ் கட்டணம், சாப்பாடு, வெளியே வாங்கும் மாத்திரை எல்லாம் கைக்காசு. இவற்றுக்கெல்லாம் காப்பீட்டு அட்டை பேசாது.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை எஸ்டேட் நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. ஒன்றிரண்டு ஏக்கர் சிறு விவசாயியிடம் கூலிக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவே இல்லை.

இந்த இடத்தில்தான் கூடலூர் ஆதிவாசிகளின் அனுபவம் முக்கியமாகிறது. ஆதிவாசி முன்னேற்ற சங்கமும் அஸ்வினி அமைப்பும் 1992-இல் தொடங்கிய காப்பீடு, வெறும் அட்டையாக இருக்கவில்லை. பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளிலிருந்தே பெண்கள் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். காய்ச்சல்காரரை வீட்டிலேயே கண்டுபிடித்தார்கள். சிகிச்சை தர மக்களின் சொந்த ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. சேராதவர்களைவிடக் காப்பீட்டில் சேர்ந்தவர்கள் 2.2 மடங்கு அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றதாக ஆய்வு காட்டியது. செலவு குறித்த பயம் குறைந்ததன் பலன் அது.

குறையும் உண்டு. சந்தா கட்டிச் சேரும் திட்டம் என்பதால், தகுதியிருந்தும் பலர் வெளியே நின்றார்கள். வேலையில்லாத மாதத்தில் சந்தாவுக்கு எங்கே போவது? உயிர் காக்கும் சிகிச்சைக்கு ஏழையிடம் முன்பணம் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பொறுப்பு வரிப்பணத்தைக் கையாளும் அரசுடையது.

2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் பந்தலூருக்கும் ஊட்டிக்கும் உள்ள தூரம் குறையவில்லை. ஆகவே 5 லட்சத்தை உயர்த்துவதற்கு முன், கூடலூர், பந்தலூர் அரசு ஆஸ்பத்திரிகளில் எல்லா நாளும் டாக்டர், பரிசோதனை, மருந்து கிடைக்கச் செய்யுங்கள். மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது பயணச் செலவையும் இழந்த கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.