வரம்பில் நின்ற ஆசிரியர்: 'டோட்டோ-சான்' மறுவாசிப்பு

ஆசிரியர் கலாசாலையில் பயின்ற நாட்களில் நண்பரொருவர் இரவலாகத் தந்த நூல் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பானிய நடிகை தெத்சுகோ குரோயாநாகி தமது பள்ளிப் பருவத்தை நினைவுகூர்ந்து எழுதி 1981இல் வெளியிட்டது. 2023இல் அது அசைவூட்டத் திரைப்படமாக வந்ததையறிந்து, நூலை மீண்டும் தேடி வாசித்தேன். அன்று என்னைக் கவர்ந்த இடங்கள் வேறு. இன்று உறுத்துகிற இடம் வேறு.

கதை பலரும் அறிந்ததுதான். வகுப்பைக் குழப்புகிறாள் என்று முதலாம் வகுப்பிலேயே ஒரு பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி, தோக்கியோவில் சோசாக்கு கோபயாஷி நடத்திய 'தோமோயே' பள்ளிக்கு வருகிறாள். பழைய ரயில் பெட்டிகள்தான் அங்கே வகுப்பறைகள். காலைப் பாடங்களை முடித்துவிட்டால் பிற்பகலில் உலாவப் போகலாம். போகிற வழியில் பூவின் மகரந்தத்தைப் பற்றிய பேச்சு எழும். பிள்ளைகள் அதை விளையாட்டென்று எண்ணுவார்கள். அது பாடம் என்பது ஆசிரியருக்குத் தெரியும்.

நமது கருத்தரங்குகளில் இந்நூலைப் பேசுகிறவர்கள் ரயில் பெட்டியோடும் உலாவோடும் நின்றுவிடுகிறார்கள். 'பிள்ளைகளை இயற்கையிடம் அழைத்துச் செல்லுங்கள்' என்று முடிப்பார்கள். நானும் அப்படிப் பேசிக் கைதட்டல் வாங்கியவன்தான். இந்த வாசிப்பு நமக்குப் பொருந்தாது என்பதே இப்போது என் கருத்து.

தோக்கியோச் சிறுமிக்கு வயல் ஒரு புதினம். எனது மாணவனுக்கு அது வீட்டுக் கொல்லை. விடியும் முன் வாப்பாவுடன் வட்டைக்குப் போய்த் தண்ணீர் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு நான் எந்த இயற்கையைக் காட்டுவது?

அதற்கான விடை நூலிலேயே உண்டு. ஒரு நாள் கோபயாஷி, அருகில் வயல் செய்யும் விவசாயி ஒருவரைப் பிள்ளைகள் முன் நிறுத்தி, இவர்தான் உங்கள் விவசாய ஆசிரியர் என்கிறார். தான் ஆசிரியரல்ல, வெறும் விவசாயி என்று அம்மனிதர் கூசுகிறார். அதிபர் விடவில்லை. களை ஏன் பிடுங்க வேண்டும், விதையை எப்படி இட வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் செய்கிறார்கள். அறிவு யாரிடம் இருக்கிறதோ அவரை ஆசிரியர் என்று அழைக்கிற அந்த நேர்மைதான் நூலின் உச்சம் என்பேன். மரமேறும் அத்தியாயத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை.

சென்ற பெரும்போகத்தில் தரம் ஐந்துப் பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னாலுள்ள வயலுக்குக் கூட்டிப்போனேன். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடம். நெற்பயிரைத் தொட்டுக்காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பில் வாய் திறக்காத ஒரு மகன் மெதுவாகச் சொன்னான்:

"சேர், நீங்க புடிச்சிருக்கிறது நெல்லில்ல. பன்றிநெல்லு."

இளம்பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். பன்றிநெல்லின் மணிகள் அறுவடைக்கு முன்பே உதிர்ந்து அடுத்த போகத்தையும் கெடுக்கும் என்றும் அவனே விளக்கினான். அன்று நான் மாணவன்.

மறுவாரம் ஒரு தாய் வந்து, "சேர், புலமைப்பரிசிலுக்கு நாள் கிடக்கா? பாஸ் பேப்பர் செய்ய வைங்க" என்றார். நான் மறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வினாத்தாள்களுக்குத் திரும்பினேன். மாதப் பரீட்சையில் அந்த மகனுக்குக் கிடைத்த புள்ளிகளை இங்கே எழுத மனமில்லை.

இந்த இடத்தில்தான் நூல் எனக்குக் கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள் படித்த தனியார் பள்ளி அது. தேடிவந்து சேர்க்கக்கூடிய பெற்றோர் இருந்தனர். பரீட்சை என்ற பூதம் அதன் பக்கங்களில் தலைகாட்டுவதேயில்லை. 1937இல் தொடங்கிய பள்ளி 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. எரிந்தவற்றை நேசத்தோடு நினைவுகூர்கிற எழுத்து, அவற்றின் குறைகளைக் கேள்வி கேட்பதில்லை. நினைவேட்டின் இயல்பு அது. அதை ஒரு கல்வித் திட்டமாக வாசித்தது நமது தவறு.

நமது சிறுவர் இலக்கியத்துக்கும் இதில் பங்குண்டு. நிலாவையும் முயலையும் கிளியையும் திரும்பத் திரும்பப் பாடுகிறோம். அறக்கொட்டியும் வரம்பு நண்டும் களப்பு இறாலும் நம் பாட்டுக்குள் வருவது அரிது. பிள்ளைக்குத் தெரிந்தது எதுவும் புத்தகத்தில் இல்லையென்றால், தனக்குத் தெரிந்தது அறிவேயில்லை என்றுதான் அவன் முடிவு செய்வான்.

அடுத்த போகத்தில் அந்த மகனின் வாப்பாவை வகுப்புக்கு அழைக்க எண்ணியுள்ளேன். "நான் படிக்காதவன் சேர்" என்று அவர் கூசுவார். கோபயாஷி சொன்ன பதிலையே நானும் சொல்ல வேண்டும். வந்த தாய்க்கு என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் நூலில் தேடிக் காணவில்லை. அதை நாமே எழுதியாக வேண்டும்.