பொருளுக்கும் ஸனது வேண்டும்

குமராட்சிக்கு மேற்கே, வீராணம் ஏரியை ஒட்டி லால்பேட்டை இருக்கிறது. வடகிழக்கே, வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை. முன்னது மத்ரஸாவால் பெயர் பெற்றது. பின்னது கப்பல் வாணிகத்தால். இத்தகைய ஊர்களில் வரலாற்று ஆர்வலர்கள் பழம்பொருள்களைத் திரட்டிக் காட்சிக்கு வைக்க முன்வரும் காலம் இது. அம்முயற்சியை நாம் வரவேற்கிறோம். அதன் முறை குறித்தே சில சொல்ல விழைகிறோம்.

கடலூரில் 1989 முதல் அரசு அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. மாவட்ட அருங்காட்சியகங்கள் பொதுவாக, 1851இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகத்தின் மரபையொட்டிக் கற்சிற்பம், உலோகப் படிமம், நாணயம் எனப் பொருள்களை வகை பிரிக்கின்றன. ஒப்பிட்டு ஆராய்வோர்க்கு இது பயன்படும். ஊர் வரலாற்றுக்குப் போதாது. நாணயவியலார் 'பரங்கிப்பேட்டை வராகன்' எனக் குறிக்கும் பொற்காசையே எடுத்துக்கொள்வோம். உலோகம், எடை, காலம் ஆகியவற்றை எழுதிவிட்டால் காசு விளங்கிவிடும், பரங்கிப்பேட்டை விளங்காது. துணிப்பொதிகளை ஏற்றி அச்சே, கெடா துறைமுகங்களுக்குக் கப்பல் செலுத்திய அவ்வூர் முஸ்லிம் வணிகர்களுக்கு அந்தக் குறிப்பட்டையில் இடமில்லை.

ஹதீஸ் கலை நமக்கு ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. செய்தி எவ்வளவு அழகாயிருப்பினும், அது யார் வழியாக வந்தது என்னும் ஸனது இன்றி அறிஞர்கள் அதனை ஏற்பதில்லை. பழம்பொருளுக்கும் இதுவே நியாயம். எந்த வீட்டில் இருந்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, எதற்குப் பயன்பட்டது என்ற தொடர் அறுந்துவிட்டால், அரபுத்தமிழ்க் கையேடும் வெறும் பழந்தாளாகிவிடும்.

தொடர் அறுவதன் விளைவை நாம் ஏற்கெனவே அனுபவித்து வருகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பரங்கிப்பேட்டை வணிகர்களைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதுவன பெரும்பாலும் டச்சு, ஆங்கிலக் கம்பெனிகளின் ஆவணங்களைச் சார்ந்தவை. நம் முன்னோரை அவர்களுடைய போட்டியாளர்களின் கணக்கேடுகள் வழியே அறிகிறோம். கல்வெட்டிலும் ஒரு பிளவு உண்டு. இந்தியத் தொல்லியல் துறையில் அரபு, பாரசீகக் கல்வெட்டுகளுக்கு நாகபுரியிலும், சமஸ்கிருத, திராவிட மொழிக் கல்வெட்டுகளுக்கு மைசூரிலும் தனித்தனி அலுவலகங்கள். அரபும் தமிழும் ஒருசேரப் பொறித்த கல்லை முழுமையாகப் படிப்பவர் உள்ளூரில் இருந்தாலன்றி, அதன் பாதி ஊமையாகவே நிற்கும்.

சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்தோரின் வழிமுறையை இங்கு நோக்கலாம். சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் 1828-1830இல் எழுப்பிய நாகூர் தர்கா 1974இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. 2011இல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கே கட்டடமே முதற்பொருள். அது தன் தெருவிலேயே நிற்பதால், உள்ளே காட்டப்படுவன வந்த வழியும் விளங்குகிறது.

பழம்பொருள்களைப் பேணினால் அது மரியாதை கடந்து வழிபாடாகிவிடுமோ என்று அஞ்சுவோர் உண்டு. அந்த எச்சரிக்கை தேவையானதே. ஆனால் பட்டியலிடுவது வழிபாடன்று. முன்சென்ற சமூகங்களின் சுவடுகளைக் கண்டு சிந்திக்குமாறு குர்ஆன் பலவிடங்களில் தூண்டுகிறது. சுவட்டையே அழித்துவிட்டபின் எதைக் கண்டு சிந்திப்பது?

எனவே கண்ணாடிப் பேழைக்கு முன் குறிப்பேடு வேண்டும். நிகாஹ் தப்தர், வக்ஃபு ஆவணம், மீஸான் கல், மத்ரஸா கிதாபுகளின் ஓரக்குறிப்பு ஆகியவற்றை அவை இருக்குமிடத்திலேயே படமெடுத்து, வைத்திருப்போர் சொல்லும் வரலாற்றோடு ஜமாஅத்துகள் பதிவு செய்யலாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், வரலாற்று, இலக்கிய மதிப்புடைய சுவடிக்கு 75 ஆண்டுகள் நிறைந்தாலே அதனைத் தொல்பொருளாகக் கொள்கிறது. பாட்டனார் எழுதிய கையேடு பலர் வீட்டில் அந்த வயதைத் தாண்டியிருக்கும். பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் நாளில் பழைய மரப்பெட்டியை வெளியே எடுத்து வைப்பவர், அதனுள் இருப்பதை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். தொடரை அறிந்தோர் உயிரோடிருக்கும்போதே அது எழுதப்பட வேண்டும். பேழை பிறகு செய்துகொள்ளலாம்.