மலிவு மின்சாரம் யாருடைய மரபுரிமை?

கனடாவின் கியூபெக் மாகாணத்துக்குச் சொந்தமான ஹைட்ரோ கியூபெக் மின்நிறுவனம் வீட்டு மின்கட்டணத்தை ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று 2023இல் சட்டம் வந்தது. 2025 ஜூனில் நிறைவேறிய புதிய எரிசக்திச் சட்டத்திலும் அந்த உச்சவரம்பு நீடிக்கிறது. செலவு எவ்வளவு கூடினாலும் குடும்பங்களைத் தொடவிடமாட்டோம் என்று அரசு மார்தட்டுகிறது. சட்டத்தின் மற்றப் பகுதிகளை எதிர்த்துக் குரலெழுப்பியவர்களிலும் இந்த வரம்பைக் கேள்வி கேட்டவர்கள் மிகக் குறைவு. மலிவு மின்சாரம் கியூபெக் மக்களின் பொது மரபுரிமை, அதில் கைவைப்பது பாவம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது. அந்த எண்ணம் தவறானது. பெட்ரோலையும் எரிவாயுவையும் கைவிட்டு மின்சாரத்துக்கு மாற முயலும் ஒரு சமூகத்துக்கு, அந்த மாற்றத்துக்கான ஒரே கருவியை விரயம் செய்யக் கற்றுத்தரும் கொள்கை இது.

இந்த ஏற்பாட்டின் சாதனைகளை யாரும் மறுக்க முடியாது. 1944இல் தொடங்கிய நிறுவனத்தை 1963இன் நாட்டுடைமையாக்கம் மாகாணம் முழுவதற்கும் உரியதாக்கியது. 735 கிலோவோல்ட் மின்பாதையை 1965இல் உலகிலேயே முதன்முதலாக இயக்கி, வடக்கின் நதிகளைத் தெற்கின் நகரங்களோடு இணைத்தார்கள். மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் புதுப்பிக்கத்தக்கது. வட அமெரிக்கப் பெருநகரங்களை ஒப்பிட்டால் வீட்டுக் கட்டணம் மிகக் குறைவாக இருப்பது மொன்றியாலில்தான். பணம் கட்டாத வீட்டுக்குக்கூட டிசம்பர் தொடக்கம் முதல் மார்ச் இறுதி வரை மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. இவை பெருமைக்குரியவை. ஆனால் பழைய அணைகள் தந்த மலிவு, புதிய தேவைக்கும் அப்படியே கிடைக்கும் என்று நடந்துகொள்வதில்தான் கோளாறு தொடங்குகிறது.

2000ஆம் ஆண்டின் சட்டம் 165 டெராவாட் மணி மின்சாரத்தை மரபுத் தொகுப்பு என்று ஒதுக்கி, யூனிட்டுக்கு 2.79 சதம் என உற்பத்தி விலையை நிர்ணயித்தது. பின்னர் பணவீக்கத்தை ஒட்டி அது சற்றே உயர்ந்தது. அந்தத் தொகுப்பைத் தேவை எப்போதோ தாண்டிவிட்டது. லாப்ரடோரின் சர்ச்சில் அருவியிலிருந்து 1969 ஒப்பந்தப்படி யூனிட்டுக்கு 0.2 சதத்துக்கு வாங்கிவந்த மின்சாரத்துக்கு, 2024 டிசம்பரில் கையெழுத்தான புரிந்துணர்வின்படி சராசரியாக ஏறத்தாழ 5.9 சதம் தர வேண்டியிருக்கும். 2035க்குள் மேலும் 60 டெராவாட் மணி தேவை, அதற்கு 155 முதல் 185 பில்லியன் டாலர் வரை முதலீடு வேண்டும் என்று நிறுவனமே 2023 நவம்பரில் அறிவித்தது. செலவு இப்படி ஏறும்போது ஒரு பிரிவினரின் கட்டணத்தை மட்டும் சட்டத்தால் கட்டிப்போட்டால் சுமை இன்னொருவர் தலையில்தான் இறங்கும். 2023 ஏப்ரலில் வீடுகளுக்கு 3 சதவீத உயர்வு. வணிக நிறுவனங்களுக்கு 6.5 சதவீதம். மொன்றியாலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் உறைபெட்டி வைத்து மீனும் காய்கறியும் விற்கும் சிறு கடைக்காரர், புறநகர் மாளிகையின் சூடேற்றிய நீச்சல்குளத்துக்குப் பங்கு கட்டுகிறார். இதையா பொது மரபுரிமை என்பது?

இதைவிடப் பெரிய கேடு குளிர்காலத்தில் தெரிகிறது. 2023 பெப்ரவரி 3ஆம் நாள் கடுங்குளிரில் கியூபெக்கின் மின்தேவை 43,124 மெகாவாட்டைத் தொட்டது. அது ஆண்டுச் சராசரியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. நிறுவனத்தின் சொந்த நிலையங்கள் எல்லாம் முழுவீச்சில் ஓடினாலும் சுமார் 37,000 மெகாவாட்தான் தரும். இந்த உச்சத்தை உருவாக்குவது முதன்மையாக வீடுகளைச் சூடாக்கும் மின்சாரம். சுவரடியில் பதித்த மின்வெப்பமூட்டி, வாங்கவும் பொருத்தவும் மலிவானது. ஒரு யூனிட் வாங்கி ஒரு யூனிட் வெப்பம் தரும், அதற்கு மேல் எதுவும் தராது. வெப்பப் பம்பு மிதமான குளிரில் அதே யூனிட்டில் இரண்டு, மூன்று மடங்கு வெப்பம் தரும். கட்டணம் பல பத்தாண்டுகளாகக் குறைவாகவே இருந்ததால் கட்டுமானக்காரருக்கு முதலாவதே இலாபமாக இருந்தது. சுவருக்கு நல்ல வெப்பக்காப்பு இடவும் காரணம் இருக்கவில்லை. ஆண்டில் சில நூறு மணி நேரம் மட்டுமே தேவைப்படும் அந்த உச்சத்துக்காகவும் இப்போது அணைகளும் மின்பாதைகளும் திட்டமிடப்படுகின்றன. இதற்கிடையில் மாகாணம் பயன்படுத்தும் மொத்த எரிசக்தியில் பாதியளவு இன்னும் எண்ணெயும் எரிவாயுவும்தான். கார்களையும் தொழிற்சாலைகளையும் மாற்ற வேண்டிய மின்சாரம் ஒழுகும் சாளரங்கள் வழியே வெளியேறுகிறது.

உயர்த்தினால் ஏழைகள் என்ன செய்வார்கள் என்பது முதல் எதிர்வாதம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான விடை உச்சவரம்பின் பக்கம் இல்லை. சலுகை ஒவ்வொரு யூனிட்டிலும் ஒளிந்திருப்பதால் அதிக யூனிட் எரிப்பவருக்கே அதிக சலுகை போகிறது. மொன்றியாலின் கோட் டெ நேஜ் பகுதியில் இரண்டு அறை அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தைவிட, இரட்டைக் கார் கொட்டகையோடு தனிவீட்டில் வாழ்பவர் பல மடங்கு பெறுகிறார். ஹைட்ரோ கியூபெக் தன் நிகர வருமானத்தில் முக்கால் பங்கை ஈவுத்தொகையாக அரசுக்குத் தருகிறது. கட்டணம் குறைந்தால் அந்தத் தொகையும் குறையும். அந்தத் தொகையும் சேர்ந்துதான் மருத்துவமனைகளும் பள்ளிகளும் நடக்கின்றன, அவற்றை அதிகம் நம்பியிருப்பவர்கள் ஏழைகளே. ஏழைகளின் பெயரால் பணக்காரருக்குத் தரும் கொடை இது. தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2016இல் அங்கே எல்லா வீடுகளுக்கும் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. குடிசைக்கும் மாளிகைக்கும் ஒரே கணக்கு.

குளிரில் நடுங்குபவர் விலையைப் பார்த்தா வெப்பமூட்டியை அணைப்பார் என்பது இரண்டாவது எதிர்வாதம். ஒரு இரவில் அணைக்கமாட்டார். அடுத்த பத்தாண்டில் எந்தக் கருவி வாங்குவது, சாளரத்தை மாற்றுவதா வேண்டாமா என்பதை விலை தீர்மானிக்கும். நாளுக்கு 40 யூனிட்டுக்கு மேல் கூடுதல் விலை இருக்கிறதே என்பார்கள். அந்தக் கூடுதல் விலை, ஜூலை நள்ளிரவுக்கும் ஜனவரி காலை ஏழு மணிக்கும் ஒன்றேதான். உச்ச நேரத்தில் கட்டணம் பன்மடங்கு உயரும் ஃபிளெக்ஸ் டி திட்டம் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். இலாபம் உறுதியானவர்களே அதில் சேர்வார்கள். இரவில் வெப்பத்தைச் செங்கல்லில் சேமித்துக் காலையில் வெளிவிடும் சேமிப்பு வெப்பமூட்டிகளை நிறுவனம் மானியம் கொடுத்து விற்க முயல்கிறது. இரவிலும் காலையிலும் ஒரே விலை என்றால் அதை வாங்குபவருக்கு என்ன ஆதாயம்? ஒரு கையால் விலையைத் தட்டையாக்கி, மறுகையால் அந்தத் தட்டைத்தனத்தின் விளைவைச் சரிக்கட்டப் பொதுப்பணத்தைக் கொட்டுகிறார்கள்.

பற்றாக்குறையை விலை சொல்லாவிட்டால் அமைச்சர் சொல்வார். அதே 2023 சட்டம் 5 மெகாவாட்டும் அதற்கு மேலும் கேட்கும் தொழில்களுக்கு இணைப்புத் தரும் முடிவை அமைச்சரிடம் ஒப்படைத்தது. அவ்வாண்டு நவம்பரில் 11 திட்டங்களுக்கு 956 மெகாவாட் பங்கிடப்பட்டது. அதில் 354 மெகாவாட் நார்த்வோல்ட் மின்கலத் தொழிற்சாலைக்கு. அந்த நிறுவனம் 2025 மார்ச்சில் சுவீடனில் திவாலானது. தொழிற்சாலைகளுக்கான குறைந்த கட்டணமும் இந்த வரிசையை நீட்டியது. ஆனாலும் வீட்டு உச்சம் விழுங்கும் திறனே பங்கீட்டின் எல்லையை வரைகிறது. எரிவாயுவும் இதனால்தான் உயிர்பிழைக்கிறது. வெளியே குளிர் மைனஸ் 12 பாகைக்குக் கீழே போனதும் எரிவாயுவுக்கு மாறும் இரட்டை எரிசக்தி ஏற்பாட்டை ஹைட்ரோ கியூபெக்கே எரிவாயு நிறுவனமான எனெர்ஜீரோடு சேர்ந்து நடத்துகிறது. நீர்மின்சாரத்தின் பெருமை பேசும் மாகாணத்தில், குளிர்கால உச்சத்தைச் சமாளிக்க எரிவாயுவுக்குப் பணம் கொடுத்துக் காத்திருக்கச் செய்கிறார்கள்.

இந்த மலிவு விலையில் சேராத ஒரு கணக்கு இன்னும் இருக்கிறது. 1971இல் அறிவிக்கப்பட்ட ஜேம்ஸ் வளைகுடா நீர்மின் திட்டம் கிரீ பழங்குடி மக்களின் வேட்டை நிலங்களை நீரில் மூழ்கடித்தது; நீர்த்தேக்கங்களின் மீன்களில் பாதரசம் ஏறியது. 1972இல் அவர்கள் நீதிமன்றம் போன பிறகே 1975இன் ஒப்பந்தம் கிடைத்தது. தெற்கில் விரயமாகும் ஒவ்வொரு யூனிட்டும் வடக்கில் இன்னொரு நதியைக் கேட்கிறது. நதியை இழப்பவருக்கு இந்த உச்சவரம்பில் எந்தக் காப்பும் இல்லை.

செய்ய வேண்டியது தெரியாத விஷயமல்ல. மொன்றியாலின் உயர்வணிகக் கல்லூரியைச் சேர்ந்த பியர் ஒலிவியே பினோ போன்ற பொருளியலாளர்கள் குறைந்த விலையின் கேட்டைப் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். கட்டணத்தைப் படிப்படியாக உண்மைச் செலவுக்கு அருகே கொண்டுவர வேண்டும். நேரத்துக்கேற்ற விலை எல்லோருக்கும் பொதுவாக வேண்டும். கிடைக்கும் கூடுதல் வருமானத்தைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு நிலையான தொகையாகத் திருப்பித் தர வேண்டும். வாடகை வீட்டுக்கு வெப்பக்காப்பு இடுவதை வீட்டுக்காரரின் கடமையாக்க வேண்டும். கட்டணம் வாடகைக்காரருடையது, சுவர் வீட்டுக்காரருடையது என்ற முடிச்சை விலை மட்டும் அவிழ்க்காது. மற்றப் பல மாகாணங்களில் கனேடிய அரசு விதித்த கரிம வரி, பணத்தைத் திருப்பித் தந்தும் 2025இல் கைவிடப்பட்டதே, மக்கள் இதை ஏற்பார்களா என்று கேட்கலாம். வங்கிக் கணக்கில் வந்துவிழுந்த தொகை எதற்கென்று பலருக்கும் தெரியாமலே போனது. மின்கட்டணச் சீட்டிலேயே கழிவாகக் காட்டினால் யாரும் அதை மறக்க முடியாது. இதைச் சொல்லத் துணிவு வேண்டும். உச்சவரம்பை அறிவிக்கத் துணிவு எதுவும் வேண்டியதில்லை. நதிகள் எல்லோருக்கும் பொது என்று நம்பும் அரசு, அவற்றின் பயனை எரித்தவருக்கு எரித்த அளவில் கொடுப்பதை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் சமமாகப் பங்கிடட்டும்.